மொட்டை மாடிக்கு ஒரு டெலஸ்கோப்: ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி

மதுரையில் நின்று வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம், அவ்வளவுதான். ஊருக்குள் பெரும்பாலும் அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கும். டெலஸ்கோப் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கடையில் கம்பீரமாக நிற்குமே, எதிர் எடை தொங்கும் 'ஈக்வடோரியல்' தாங்கி, அது துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துப் பொருத்தினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். லண்டனில் அந்த நட்சத்திரம் 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களை மனதில் வைத்துச் செய்த மலிவான தாங்கியை நம் ஊருக்காக 10 டிகிரிக்குச் சாய்த்தால், எதிர் எடை போய் முக்காலியின் காலில் இடிக்கும். சில மாடல்கள் அந்த அளவுக்குச் சாயவே சாயாது. வாங்கியவர் நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்.

இந்தத் தொல்லையே இல்லாதது டாப்சோனியன் வகை. இடம் வலமாக ஒரு சுழற்சி, மேலே கீழே ஒரு சாய்வு, மற்றபடி கையால் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். கழித்துப்போட்ட மரப்பலகையிலும் கப்பல் சாளரக் கண்ணாடியிலும் டெலஸ்கோப் செய்து, தெருவோரத்தில் வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலாவைக் காட்டியவர். அவர் செய்தவை ஆளுயரம் இருந்தன. அதே யோசனையைச் சுருக்கி மேசைமேல் வைக்கும்படி செய்த வகையில்தான் ஹெரிடேஜ் 130பி வருகிறது. முதல் டெலஸ்கோப், தூக்கிக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும், நிலாவோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். குறை இல்லாமல் இல்லை. ஆனால் இதன் குறைகளில் முக்கால்வாசி நூறு இருநூறு ரூபாய்க்குள் சரிசெய்யக்கூடியவை.

கையில் எடுத்தால்

தாங்கியோடு சேர்த்து ஆறு கிலோ சொச்சம். மூடிய நிலையில் ஒரு தண்ணீர்க் குடம் அடைத்துக்கொள்ளும் இடம் போதும். பேருந்தில் காலடியில் வைத்துக்கொள்ளலாம். குழாயின் மேல்பாதி இரண்டு கம்பிகளில் வழுக்கி வெளியே வரும். குமிழைத் தளர்த்தி, முழுதும் இழுத்து, மறுபடி இறுக்கினால் சுமார் 60 சென்டிமீட்டர் நீளமாகிவிடும். தாங்கி ஏற்கெனவே பூட்டித்தான் வருகிறது. பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடத்தில் நிலாவைப் பார்க்கலாம்.

உள்ளே இருப்பது 130 மி.மீ. விட்டமுள்ள குழி ஆடி. ஆடியில் பட்ட ஒளி ஒரு புள்ளியில் சேரும் தூரம், அதாவது குவியத்தூரம், 650 மி.மீ. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 5, அதனால் எஃப்/5 என்பார்கள். கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்), ஒரு சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி. குவியத்தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும்: 650-ஐ 25-ஆல் வகுத்தால் 26 மடங்கு, 10-ஆல் வகுத்தால் 65 மடங்கு. பெட்டியில் 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மற்ற டெலஸ்கோப்புகளோடு ஒப்பிட்டால் இது சப்பென்று தோன்றும். ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதற்கு மேல் உருப்பெருக்கம் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது, மங்கல் மட்டும் கூடும். 130-க்கு அந்த உச்சவரம்பு 260. நம் ஊர்க் காற்றில் 150-ஐத் தாண்டுகிற இரவுகளே குறைவு. 70 மி.மீ. லென்ஸில் 675 என்பதை விற்பனையாளர் நம்பினாலும் நாம் நம்ப வேண்டியதில்லை.

ஆடி பரவளைய வடிவில் இழைக்கப்பட்டது என்பதுதான் இதில் பணம் கொடுத்து வாங்கும் சமாச்சாரம். மலிவான சிறு டெலஸ்கோப்புகளில் ஆடி வெறும் கோள வடிவம். குவியத்தூரம் நீளமாக இருந்தால் கோள ஆடியும் பரவாயில்லை. எஃப்/4, எஃப்/5 என்று குட்டையாக்கிவிட்டால் ஓரத்தில் விழும் ஒளியும் நடுவில் விழும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராது. வியாழனை எவ்வளவு திருகினாலும் ஆவி பிடித்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கும்.

இதே விலை வட்டாரத்தில் ஒரு பொறி உண்டு. '127 மி.மீ. ஆடி, 1000 மி.மீ. குவியத்தூரம்' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் குழாயை அளந்தால் அரை மீட்டர்தான் இருக்கும். நியூட்டன் வகையில், அதாவது இதைப்போல் அடியில் குழி ஆடியும் மேலே ஒரு சாய்வு ஆடியும் உள்ள டெலஸ்கோப்பில், குழாய் நீளமும் குவியத்தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால், ஐபீஸ் பிடிக்கும் குழலுக்குள் ஒரு திருத்து லென்ஸைச் செருகிக் குவியத்தூரத்தை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோள ஆடி, மட்டமான லென்ஸ், ஒழுங்குபடுத்தவே முடியாத அமைப்பு, மூன்றும் சேர்ந்தது அது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு இன்ச் டேப் இருக்கட்டும்.

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சுமாரான ஒரு புது செல்போன் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதன்மேல் வைப்பது

மேசைமேல் வைக்கும் டெலஸ்கோப்புக்கு மேசை வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் இந்த வகையை வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் வைத்தால் 65 மடங்கிலேயே சனி கிரகம் ஜெல்லிபோல் ஆடும். கைப்பிடிச் சுவர்மேல் வைப்பது ஆபத்து. ஆறு கிலோ கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. மூன்று கால் உள்ள கனமான மர ஸ்டூல்தான் சரி. நாலு காலில் ஒன்று எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் உட்கார்ந்துவிடும். உயரம் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி இருந்தால் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தச்சரிடம் சொல்லிச் செய்வதானால் மேல்பலகை தாங்கியின் அடிவட்டத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். இருட்டில் கை பட்டு நகர்ந்தாலும் விழாது.

மொட்டை மாடிக்கு ஒரு குணம் உண்டு. பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கான்கிரீட் இரவு 10 மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக் காற்றின் வழியே பார்த்தால் கோள்களின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். ஏப்ரல், மே மாதங்களில் இது ரொம்ப மோசம். தோட்டத்து மண்தரை கிடைத்தால் மாடியைவிட அது மேல். மாடிதான் கதி என்றால் கோள்களைப் பின்னிரவுக்கு ஒத்திப்போட்டுவிட்டு, முன்னிரவில் குறைந்த உருப்பெருக்கத்தில் நட்சத்திரக் கூட்டங்களைப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டி இருக்கும் திசையைத் தவிர்த்துவிடலாம்.

உங்கள் வீட்டு ஏ.சி.யும் எதிரிதான். குளிர்ந்த அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல ஆடி வேர்த்துவிடும். ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். பார்ப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே வைத்துவிட்டால் ஆடியும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும்.

முதல் நாள் வேலை

பகலிலேயே ஆரம்பியுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுர உச்சியையோ கோயில் கலசத்தையோ 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். படம் தலைகீழாகத் தெரியும். பழுது இல்லை, நியூட்டன் வகைக்கு அதுதான் இயல்பு. கிளி, மைனா பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த டெலஸ்கோப் ஆகாது. இப்போது குழாயை அசைக்காமல், குறிகாட்டியின் இரண்டு திருகுகளைத் திருப்பி, சிவப்புப் புள்ளி அதே கலசத்தின்மேல் உட்காரும்படி செய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் இரவில் எடுத்துப்போய் "ஒன்றுமே தெரியவில்லை" என்பவர்கள்தான் ஏராளம். குறிகாட்டியில் இருப்பது வட்டமான காசு பேட்டரி. அணைக்க மறந்தால் மறுநாள் செத்துவிடும். பையில் ஒன்று உபரியாகக் கிடக்கட்டும்.

சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், ஒரு நொடிகூட. ஐபீஸில் திருகும் கறுப்புச் சில்லு ஒன்றை 'சன் ஃபில்டர்' என்று சில டெலஸ்கோப்புகளோடு தருகிறார்கள். குவிந்த சூட்டில் அது வெடித்துவிடும், அடுத்த கணம் கண் போய்விடும். அதைக் குப்பையில் போடுங்கள். முறையான சூரிய வடிகட்டி குழாயின் வாயை மூடுவதாக இருக்க வேண்டும். இந்த மாடலில் குழாயின் நடுப்பகுதி திறந்து கிடப்பதால் பக்கவாட்டிலும் வெயில் புகும். எனவே சூரியனுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். மூடி போடாமல் பகலில் மாடியில் விட்டுவிட்டுக் கீழே போகவும் கூடாது. வெயில் நேராக விழுந்தால் குவியும் இடத்தில் பிளாஸ்டிக் உருகும்.

இரவில் எதைத் தேடினாலும் முதலில் 25 மி.மீ. தான். அதில் வானத்தின் 2 டிகிரி அகலம், அதாவது நாலு முழுநிலா வரிசையாக நிற்கும் இடம், தெரியும். பொருளை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு 10 மி.மீ. மாற்றுங்கள். பூமி சுழல்வதால் எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். 65 மடங்கில் ஒரு கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மூன்று நிமிடத்தில் ஓடிவிடும். கோள் நுழையும் பக்கத்து விளிம்பில் அதை நிறுத்தி, கையை எடுத்து, அது நீந்திப் போகும்போது பார்ப்பதுதான் முறை. கையை வைத்துக்கொண்டே பார்த்தால் நாடித்துடிப்புகூடப் படத்தில் தெரியும். பக்கவாட்டில் உள்ள பெரிய குமிழ் மேல்கீழ் அசைவின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஐபீஸ் கனமாக இருந்து குழாய் தானே தலைசாய்ந்தால் கால் சுற்று இறுக்குங்கள். அடித்தட்டின் நடு நட்டு அதிகம் இறுகியிருந்தால் இடம் வலம் தள்ளும்போது விருட்டென்று தாவும். கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

நம் அட்சரேகைக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. நிலாவும் கோள்களும் இங்கே பல மாதங்கள் உச்சந்தலைக்கு மேலேயே போகும். காற்று மண்டலத்தின் மெல்லிய பகுதி வழியே பார்ப்பதால் படம் தெளிவு, அது நமக்கு வரம். ஆனால் டாப்சோனியன் நேர் செங்குத்தாக நிற்கும்போது இடம் வலம் திருப்பப் பிடியே கிடைக்காது. கோள் கண்ணாமூச்சி ஆடும். உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்த்துவிடுங்கள்.

மூன்று குறை, மூன்று வைத்தியம்

முதலாவது, குவியப்படுத்தும் குழல். பற்சக்கரம் கிடையாது. ஐபீஸ் பிடிக்கும் பிளாஸ்டிக் குழலையே ஜாடி மூடிபோல் திருகி உள்ளே வெளியே நகர்த்த வேண்டும். மரை கொஞ்சம் லூஸ். 26 மடங்கில் தெரியாது. 100 மடங்கில் விரலை எடுத்ததும் படம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். வைத்தியம், பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப். குழலை முழுதும் திருகிக் கழற்றுங்கள். மரையைத் துடைத்து, டேப்பை மரை ஏறும் திசையிலேயே இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று சுற்றி மறுபடி மாட்டுங்கள். இன்னும் ஆடினால் மூன்றாவது சுற்று. நாலைந்து சுற்றினால் திருகவே வராது, டேப் பிய்ந்து நூல்நூலாக ஆடியின்மேல் விழும். கிரீஸ் தடவுகிறார்கள் சிலர். வெயில் காலத்தில் இளகி வழியும், வேண்டாம்.

இரண்டாவது, நடுவில் குழாய் இல்லாதது. தெருவிளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து படத்தை வெளுக்கச் செய்யும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் ஷீட், 2 மி.மீ. கனம், ஒன்றே போதும். குழாயின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட இரண்டு விரல் கூடுதலாக வெட்டி, திறந்த பகுதியைச் சுற்றி வெளிப்புறமாக வைத்து வெல்க்ரோ ஒட்டுங்கள். உள்ளே தொய்ந்து ஒளிப் பாதையை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்புச் சார்ட் பேப்பரும் வேலை செய்யும், பனியில் நனைந்தால் ஒரே இரவில் கூழ். இந்த உறை ஊருக்குள் தரும் வித்தியாசத்தைப் பார்த்தால், நிறுவனமே ஏன் இதைப் பெட்டியில் வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும்.

மூன்றாவது, கூடவே வரும் 10 மி.மீ. ஐபீஸ். 25 மி.மீ. பழுதில்லை, நெடுநாள் வைத்துக்கொள்ளலாம். 10-இல் படத்தின் ஓரம் கலங்கும், வியாழனைச் சுற்றி ஒளி சிதறும். முதலில் வாங்க வேண்டியது 6 மி.மீ., 66 டிகிரி காட்சிப்பரப்பு என்று விற்கும் தங்கக் கோடு போட்ட ஐபீஸ். பல பெயர்களில் ஒரே சரக்குதான் வருகிறது. 108 மடங்கு, அகலமான படம், விலையும் அடக்கம். கோள்களுக்கு அது போதும். அடுத்து, பணம் இருந்தால், 2 மடங்கு பார்லோ லென்ஸ்: 25 மி.மீ.-ஐ 52 மடங்காக்கும், 10 மி.மீ.-ஐ 130 ஆக்கும். எதை வாங்கினாலும் 1.25 அங்குலக் குழல் அளவா என்று பாருங்கள், பழைய 0.965 அங்குலம் இதில் நிற்காது. எட்டுப் பத்து ஐபீஸ், வண்ண வடிகட்டிகள் என்று பெட்டியாக விற்கும் செட்டை மட்டும் தொடாதீர்கள். அதில் பாதியை ஒருமுறைகூடக் கையில் எடுக்க மாட்டீர்கள்.

குறை என்று சொல்ல முடியாது, ஆனால் பழக வேண்டிய ஒன்று ஆடிகளை நேர்ப்படுத்துவது. எஃப்/5 ஆடி இதில் கறார்ப் பேர்வழி. பைக்கில் ஏற்றி இறக்கினாலே கொஞ்சம் விலகும். விலகியிருக்கிறதா என்று பார்க்க, 100 மடங்கில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து, வேண்டுமென்றே குவியத்தைக் கலையுங்கள். நட்சத்திரம் வளையங்களாக விரியும், நடுவில் கறுப்புப் பொட்டு இருக்கும். பொட்டு நடுவில் இருந்தால் கை வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுநாள் பகலில் உட்காருங்கள். ஐபீஸ் குழலை மூடும் பிளாஸ்டிக் மூடியின் மிகச்சரியான நடுவில் 2 மி.மீ. துளை போட்டால் அதுவே கருவி. குழாயை வெளிச்சமான சுவரைப் பார்க்கத் திருப்பி, துளை வழியே கண்ணை வையுங்கள். மேலே உள்ள சின்னச் சாய்வு ஆடிக்குள் கீழே உள்ள பெரிய ஆடியின் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் சின்ன ஆடியின் பின்னுள்ள மூன்று குட்டித் திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, முழு வட்டமாக்குங்கள். பிறகு பெரிய ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையக் குறிக்குள் உங்கள் துளையின் பிரதிபலிப்பு வந்து உட்காரும்வரை குழாயின் அடியிலுள்ள திருகுகளைச் சரிசெய்யுங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. முதல்முறை அரைமணி நேரம் ஆகும், பத்தாவது முறை இரண்டு நிமிடம். சின்ன ஆடியில் வேலை செய்யும்போது குழாய் படுத்த நிலையில் இருக்கட்டும். செங்குத்தாக வைத்தால் கை தவறிய திருப்புளி நேராகப் பெரிய ஆடியின்மேல்தான் விழும்.

கண்ணுக்கு என்ன கிடைக்கும்

இணையத்தில் பார்த்த வண்ணப் படங்களை மறந்துவிட்டு வாருங்கள். அவை மணிக்கணக்கில் கேமரா சேர்த்துவைத்த ஒளி. கண்ணுக்கு நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எல்லாம் சாம்பல் நிறம்தான்.

நிலா மட்டும் யாரையும் ஏமாற்றாது. ஆனால் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள்; நேர் எதிர் வெளிச்சத்தில் நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டாக இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் 108 மடங்கில் பார்த்தால், பள்ளங்களின் விளிம்புச் சுவர் நிழல் உள்ளே நீண்டு விழுவதும், நடுவே இருக்கும் மலை உச்சியில் மட்டும் வெயில் பட்டிருப்பதும் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கோப்பர்னிக்கஸ் வெளிச்சத்துக்கு வரும். 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம், அதன் படிக்கட்டுச் சரிவுவரை எண்ணலாம்.

வியாழனின் இரண்டு பட்டைகளும் நாலு நிலாக்களும் 65 மடங்கிலேயே வந்துவிடும். நிலாக்களில் ஒன்று வியாழனின் முகத்தில் போடும் மைப்புள்ளி நிழலைப் பார்க்க 108 மடங்கும், காற்று அசையாத இரவும் வேண்டும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிவிட்டது. இப்போது வருடா வருடம் விரிந்து, 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வரும். எனவே வளையத்தின் நடுவிலுள்ள கறுப்பு இடைவெளி இப்போதே பளிச்சென்று தெரியவில்லையே என்று டெலஸ்கோப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்போமே, பட்டப்பகலில், இல்லாத நட்சத்திரத்தை. அதை நிஜமாகவே பார்க்க ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குத் திருப்புங்கள். வெறும் கண்ணுக்கு வசிஷ்டரும் அருந்ததியும் இரண்டு புள்ளி. 65 மடங்கில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்துவிடுவார். இந்த டெலஸ்கோப்பை முதன்முதலாக வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டுவதென்றால் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கார்த்திகைக் கூட்டம் 26 மடங்கில் படம் முழுக்க நிறைந்து நிற்கும். அதற்கு மேல் உருப்பெருக்கினால் கூட்டம் கலைந்து நாலைந்து நட்சத்திரம்தான் மிஞ்சும். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் நெபுலா: மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் கீழே, மூன்று நட்சத்திர வரிசையிலிருந்து தொங்கும் வாளில், பறவை சிறகு விரித்ததுபோன்ற ஒரு மங்கல். அதன் நடுவே நாலு குட்டி நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கும்.

தெற்கு வானத்தில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஒமேகா சென்டாரி, ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டை கட்டி நிற்கும் கூட்டம். லண்டனில் அது உதிப்பதே இல்லை. நாகர்கோவிலில் 34 டிகிரி, சென்னையில் 29 டிகிரி உயரத்துக்கு வரும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இடம் தேர்ந்தபோது தென்வானம் எட்டும் அட்சரேகை என்பதும் ஒரு காரணம். மே மாதம் இரவு 10 மணி வாக்கில் நேர் தெற்கே, ஊர் வெளிச்சம் இல்லாத இடத்திலிருந்து பாருங்கள். 26 மடங்கில் பஞ்சு உருண்டை. 108 மடங்கில் அந்தப் பஞ்சு ரவையாக உதிர ஆரம்பிக்கும். ஊருக்குள் இருந்து இதைத் தேடி ஏமாறாதீர்கள். நிலாவும் கோள்களும் இரட்டை நட்சத்திரங்களும்தான் ஊர் வெளிச்சத்தைத் தாங்கும்.

பனியும் பூஞ்சையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெலஸ்கோப் பெட்டிக்குள் கிடக்கும் மாதங்கள் அவை. பூஞ்சை பிடிப்பதும் அப்போதுதான். மார்கழி, தையில் ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் எடுத்துப் போனால் நள்ளிரவுக்குள் சின்ன ஆடியில் பனி படியும், படம் திடீரென்று மங்கும். துணியால் துடைக்கக் கூடாது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடித்தால் நொடியில் போய்விடும். அந்த கறுப்பு ஃபோம் உறை இங்கேயும் அரைமணி நேரம் கூடுதலாகப் பெற்றுத் தரும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு மூடியைப் போட்டு மூடினால் பூஞ்சைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. மூடாமல், வாய் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்து, ஃபேனுக்கடியில் இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து நீலமாக்கிக்கொள்ளலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதவரை. ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கட்டாயம்.

ஆடியைக் கழுவுவது கடைசி வழி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்னால் இருக்கும். இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கம் திறந்து கிடக்கிறது. மூக்குக் கண்ணாடித் துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் தூசியே உப்புத்தாள் ஆகி நிரந்தரக் கீறல் விழும். அடிப்பகுதியைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு மணல் தூசியைப் போக்கி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசி, கடைசியாகப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மேலே ஊற்றுங்கள். நிமிர்த்தி நிறுத்தித் தானாகக் காயட்டும். ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலை பிறகு முதலிலிருந்து.

வேறு எதையாவது வாங்கலாமா

76 மி.மீ. ஆடி, 300 மி.மீ. குவியத்தூரமுள்ள குட்டி மேசை டெலஸ்கோப் ஒன்று 2009 சர்வதேச வானியல் ஆண்டையொட்டி வந்தது. விலை ரொம்பக் குறைவு. கோள ஆடிதான். நிலாவுக்கும் கார்த்திகைக்கும் சரி, கோள்களுக்குப் போதாது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு உடைந்தாலும் பரவாயில்லை என்று இருக்கலாம். 70 மி.மீ. லென்ஸ், முக்காலி, முதுகுப்பை என்று வரும் பயண மாடல்கள் தூக்கச் சுலபம். ஆனால் அந்த முக்காலி காற்றடித்தாலே ஆடும், 130-இன் ஆடி அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஒளி வாங்கும். பகலில் பறவை, இரவில் நிலா என்றால் மட்டும் அது.

இதே குடும்பத்தில் 150பி இருக்கிறது: 150 மி.மீ., 750 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஒளி. காரில் போகிறவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். பைக்கிலும் பேருந்திலும் போகிறவர்களுக்கு 130 தான் எல்லை.

பழையது கிடைத்தால் விடாதீர்கள். கம்பிகளை இழுத்துப் பூட்டி மேல்பாதியைப் பிடித்து ஆட்டுங்கள், குமிழின் மரை தேய்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். குவியக் குழலை முழுதும் திருகிப் பாருங்கள். ஆடியைப் பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்து, சிலந்திவலைபோல் கிளை பிரியும் கறை இருந்தால் அது பூஞ்சை, பூச்சைத் தின்றிருக்கும், விட்டுவிடுங்கள். வெறும் தூசிக்குப் பயப்பட வேண்டாம். குழாய்க்குள் டார்ச் அடித்தால் நேற்று வாங்கிய ஆடியும் அழுக்காகத்தான் தெரியும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.